வாடைக் காற்றின் கணக்குக் கொப்பி

2022 டிசம்பர் 9ஆம் திகதி நாட்டின் பாடசாலைகளுக்கு விடுமுறை விடப்பட்டது. கொரோனா இல்லை, டீசல் தட்டுப்பாடு இல்லை, வெள்ளமும் இல்லை. காற்றின் தரம் கெட்டுவிட்டது என்பதுதான் காரணம். வங்காள விரிகுடாவில் ஒரு சூறாவளி சுழன்றுகொண்டிருக்க, இந்தியப் பக்கமிருந்து மாசடைந்த காற்று எங்கள் பக்கம் இழுபட்டு வருவதாக அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். பாடசாலை திறந்ததும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், அந்தத் தூசி இந்தியாவில இருந்துதான் வந்ததெண்டு எப்படிக் கண்டுபிடிச்ச? காத்தில பேரா எழுதியிருக்கு?"

நான் தமிழ் படிப்பிக்கிறவன். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று நாலு திசைக் காற்றுக்கும் பழந்தமிழ் வைத்த பெயர்களைச் சொல்லலாம். நமது கடற்றொழிலாளர் இன்றைக்கும் வாடை, சோளகம், கச்சான் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் பையன் கேட்டது காற்றின் பெயரையல்ல. காற்று சுமந்துவந்த சரக்கின் சொந்தக்காரனை. அதற்கு மறுமொழி தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

உலர்ந்த காற்றில் ஏறத்தாழ 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன், ஒரு வீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகன். மிச்சமிருப்பது மிகச் சொற்பம். காபனீரொட்சைட்டுக்கூட பத்து இலட்சம் மூலக்கூறுகளில் சுமார் 420தான். இப்படிச் சொற்பமாக உள்ளவற்றைச் சுவட்டு வாயுக்கள் என்கிறோம். இவற்றோடு, காற்றில் மிதக்கும் நுண்ணிய திண்மத் துணிக்கைகளும் திரவத் துளிகளும் உண்டு. அவற்றுக்கு ஏரோசல் என்று பெயர். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கை, தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். அதனாலேயே அது மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய்விடுகிறது.

இந்தச் சொற்பங்களுக்குக் கணக்கு வைப்பதுதான் வளிமண்டல இரசாயன மாதிரியுரு. வாப்பாமார் கடையில் வைத்திருந்த கணக்குக் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் வளிமண்டலம் நீளம், அகலம், உயரம் என்று பெட்டி பெட்டியாக வெட்டப்படுகிறது. ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் சேவை முழு உலகுக்கும் வெளியிடும் காற்றுத்தர எதிர்வுகூறலில் ஒரு பெட்டியின் பக்கம் சுமார் 40 கிலோமீற்றர். ஒவ்வொரு பெட்டிக்கும் கொப்பியில் ஒரு பக்கம். அதில் நாலு பதிவுகள்: அடுப்பு, வாகனம், தொழிற்சாலை, வயல் எரிப்பு ஆகியவற்றிலிருந்து வந்து சேர்ந்தது எவ்வளவு, காற்று பக்கத்துப் பெட்டியிலிருந்து கொண்டுவந்ததும் கொண்டுபோனதும் எவ்வளவு, இரசாயனத் தாக்கத்தால் உருவானதும் அழிந்ததும் எவ்வளவு, மழையோடு கழுவுண்டும் நிலத்தில் படிந்தும் போனது எவ்வளவு. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை எல்லாப் பக்கங்களிலும் இருப்பைச் சரிபார்த்து எழுத வேண்டும்.

இதில் கஷ்டமானது மூன்றாவது பதிவு. கந்தகவீரொட்சைட்டு புகைபோக்கியிலிருந்து வாயுவாகப் புறப்பட்டு, வழியிலே சல்பேற்றுத் துணிக்கையாக மாறி இன்னொரு நாட்டில் இறங்கும். ஆள் ஒன்றுதான், உடுப்பு வேறு. அந்த மாற்றத்தைத் தொடங்கிவைப்பவற்றில் முக்கியமானது ஐதரொட்சைல் என்ற துணிக்கை. அதன் ஆயுள் ஒரு செக்கன் அளவுதான். அது தின்று தீர்க்கும் மெதேனின் ஆயுளோ ஏறத்தாழ பத்து வருடம். இரண்டையும் ஒரே கொப்பியில் எழுத வேண்டியிருப்பதால்தான் பெரிய கணினிகளும் திணறுகின்றன.

பையனின் கேள்விக்கு மறுமொழி இங்கேதான் கிடைக்கிறது. கணக்கை ஒரு தடவை முழுதாக ஓட்டுவார்கள். பிறகு, ஒரு நாட்டின் வெளியேற்றத்தை மட்டும் பூச்சியமாக்கி மறுபடியும் ஓட்டுவார்கள். கொழும்புப் பெட்டியில் எவ்வளவு குறைகிறதோ, அது பெரும்பாலும் அந்த நாட்டின் பங்கு. காற்றில் பெயர் எழுதியில்லை, கொப்பியில் எழுதலாம்.

ஆனால் கொப்பியே பிழையாக இருந்தால்? அப்படியும் நடந்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிகளில் பாவித்த குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் மேலே போய் ஓசோனை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அன்றைய மாதிரியுருக்கள், பல தசாப்தங்களில் சில வீத இழப்பு வரும் என்றே கணித்தன. 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரித்தானிய விஞ்ஞானிகள், அந்தாட்டிக்காவின் ஹாலி நிலையத்தில் நிலத்திலிருந்து எடுத்த அளவீடுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஒக்டோபரிலும் அங்கே ஓசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. எந்த மாதிரியுருவும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

விடுபட்டது எது? வாயுவுக்கும் வாயுவுக்கும் நடக்கும் தாக்கங்களைத்தான் கொப்பியில் எழுதியிருந்தார்கள். துணிக்கைகளின் மேற்பரப்பை எழுதவில்லை. சுமார் பூச்சியத்துக்குக் கீழ் 78 பாகை செல்சியஸ் குளிரில் அந்தாட்டிக்காவின் உயர் வானில் மெல்லிய முகில்கள் உண்டாகின்றன. அடங்கிக் கிடக்கும் குளோரீன் சேர்வைகள் அந்த முகில் துணிக்கைகளின் மேல் தாக்கமடைந்து, வசந்த காலச் சூரியன் வந்ததும் ஓசோனைத் தின்னும் குளோரீனாக மாறுகின்றன. இதை 1986இல் சூசன் சொலமனும் கூட்டாளிகளும் முன்வைத்தார்கள். 1987இல் சிலியிலிருந்து பறந்த ஆய்வு விமானம், குளோரீன் ஓரொட்சைட்டு கூடிய இடத்தில் ஓசோன் குறைந்திருப்பதை அளந்து காட்டியது. அதன் பிறகு மாதிரியுருக்கள் திருத்தி எழுதப்பட்டன.

அவ்வாறு திருத்திய மாதிரியுருவைக் கொண்டு 2009இல் நாசா விஞ்ஞானிகள் ஒரு கணக்குப் பார்த்தார்கள். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை இல்லாதிருந்தால், 2065 ஆகும்போது உலகின் ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும் என்றது அது. பிழை பிடிபட்ட கொப்பி என்று அதைத் தூக்கி எறியாமல், அளவீட்டோடு ஒத்துப்பார்த்துத் திருத்தியதால்தான் இதைச் சொல்ல முடிந்தது. எந்த மாதிரியுருவைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: எதோடு ஒத்துப்பார்த்தீர்கள்?

இதிலே நமக்கும் ஒரு வேலையுண்டு. நம் ஊர்ப் பெட்டியின் முதலாவது பதிவை நாம்தான் சரியாகக் கொடுக்க வேண்டும். விறகடுப்பு எத்தனை, புகை கக்கும் பஸ் எத்தனை, வளவில் எரிக்கும் குப்பை எவ்வளவு என்று எழுதாமல் விட்டால், கணக்கு முழுவதும் வாடையின் தலையிலேயே விழும். வாடைக் காலம் முடிந்து கடலிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் காற்றில் தங்கும் தூசியில் பெரும்பங்கு யாருடையது?

அடுத்த தமிழ்ப் பாடத்தில் பையனுக்கு இவ்வளவையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கட பேரும் அந்தக் கொப்பியில ஈக்கும், என சேர்?" என்றான். ஈக்கும் என்றேன்.