ஊடுபயிரும் கூட்டெருவும்

மிளகாய் வரிசைகளுக்கு இடையே சின்ன வெங்காயம் வளர்வதை நம் சிற்றூர்களில் கண்டிருப்பீர்கள். இவ்வாறு ஒரு பயிரின் இடைவெளியில் வளர்க்கப்படும் மற்றொன்றுக்கு ஊடுபயிர் என்று பெயர். நட்ட மிளகாய்ச் செடி விரிந்து பரவச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நடுவிலுள்ள நிலம் களைக்கே பயன்படுகிறது. வெங்காயத்தின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. மிளகாய் முதற்பறிப்புக்கு வரும் வேளையில், அதாவது சுமார் 70 நாட்களில், அது அறுவடையாகிவிடும். முளைக்கீரையோ 25 நாட்களிலேயே அடுப்பங்கரைக்கு வந்துவிடும்!

ஆனால் இரண்டு பயிர் உண்ணும் நிலத்திற்கு உணவும் கூடுதலாக வேண்டுமல்லவா? கொத்தவரை, தட்டைப்பயறு போன்றவை வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பெறும். மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் அந்த வசதி இல்லை. கூட்டெரு எனப்படும் கம்போஸ்ட் உரமே அவற்றுக்குக் கைகொடுப்பது.

இவ்வுரம் செய்யும் முறையொன்றை ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில அறிஞர் இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து வகுத்தார். உழவர்களையும் பூச்சிகளையும் தம் ஆசிரியர்கள் என்று சொன்னவர் அவர்.

வீட்டில் செய்வது எளிது. நிழலான இடத்தில் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கும், காய்கறிக் கழிவு ஒரு பங்குமாக அடுக்கி, சாணக் கரைசல் தெளித்து, ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவிக்க வேண்டும். இறைச்சி, மீன் கழிவு சேர்த்தால் எலியும் நாயும் கிளறும். சில நாட்களில் குவியலின் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் இதில் மடிகின்றன. உள்ளே செருகிய இரும்புக் கம்பியை எடுத்துத் தொட்டால் கை பொறுக்காது. சூடே இல்லையென்றால் ஈரமோ காற்றோ போதவில்லை என்று பொருள். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால் ஏறத்தாழ மூன்று மாதங்களில் உரம் கிடைக்கும்.

அவசரம் மட்டும் கூடாது. அரைகுறையாக மக்கிய குப்பையை இட்டால், அதைச் செரிக்க முனையும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். மிளகாய் இலை வெளுத்துவிடும். உடனே "வெங்காயம் சத்தைத் தின்றுவிட்டது" என்று அதைப் பிடுங்கி எறிபவர் உண்டு. பாவம், பல வேளைகளில் குற்றம் வெங்காயத்தினுடையது அன்று. நன்கு மக்கிய எரு கரும்பழுப்பாக, சூடின்றி, மழை பெய்த மண்போல் மணக்கும். சருகின் வடிவம் தெரியாது. ஐயமிருந்தால் ஒரு தொட்டியில் சிறிது எருவை மண்ணுடன் கலந்து, கீரை விதை தூவிப் பாருங்கள். நாற்று பச்சைப்பசேலென வந்தால் தோட்டத்திற்கு இடலாம்.

ஒரு சென்ட் நிலத்திற்குச் சுமார் 100 கிலோ வீதம் கடைசிக் கொத்தின்போது கலக்க வேண்டும். வெங்காயம் எடுத்தபின் அந்த வரிசையில் மேலும் சிறிது எருவைத் தூவி, மிளகாய்ச் செடிக்கு மண் அணைத்துவிடுங்கள்.