பனிக்காலப் படகுவீடு

நுழையும்முன்

வெப்ப நாட்டில் வாழ்வோர்க்கு நீர் வற்றுவது கவலை. குளிர் நாட்டில் வாழ்வோர்க்கு நீர் உறைவது கவலை. இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாகக் கொண்டு வாழ்வோர் பலர். அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்திலேயே உறைபனியை எதிர்கொள்ள ஆயத்தமாகின்றனர். நீரின் இயல்பை அறிந்து அதற்கேற்ப வாழும் அம்மக்களின் முன்னேற்பாடுகளை இப்பாடம் விளக்குகிறது.

குதிரை இழுத்த படகுகள்

தொழிற்புரட்சியின் தொடக்கக் காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரியையும் மூலப்பொருள்களையும் கொண்டுசெல்ல ஏற்ற சாலைகள் இல்லை. வொர்ஸ்லி என்னுமிடத்துச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரியைக் கொண்டுசெல்லப் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் பணியில் பெரும்பங்காற்றியவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளர். அதன் வெற்றியைத் தொடர்ந்து நாடெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. கரையோரப் பாதையில் குதிரை நடக்க, அதனோடு கயிற்றால் பிணைக்கப்பட்ட படகு நீரில் மிதந்து சென்றது.

மேடு பள்ளமான நிலத்தில் படகை ஏற்றி இறக்க, ‘லாக்’ எனப்படும் மதகுகள் அமைக்கப்பட்டன. இரு கதவுகளுக்கு இடைப்பட்ட தொட்டியில் படகை நிறுத்தி, நீரை நிரப்பினால் படகு உயரும். நீரை வடித்தால் தாழும். செலவையும் நீரையும் சிக்கனப்படுத்த, பல கால்வாய்களில் மதகுகள் ஏறத்தாழ 7 அடி அகலத்திலேயே கட்டப்பட்டன. எனவே, படகுகளும் 6 அடி 10 அங்குல அகலமும் அதிக அளவாக 72 அடி நீளமும் உடையனவாய் அமைந்தன. ஒடுங்கிய படகு என்னும் பொருளில் இவை ‘நேரோபோட்’ என்று அழைக்கப்படுகின்றன.

தொடர்வண்டியின் வருகைக்குப்பின் போட்டி மிகுந்தது; வருவாய் குறைந்தது. கரையில் வீடு வைத்துக்கொள்ள இயலாத படகோட்டிகள் பலர், குடும்பத்தோடு படகிலேயே குடியேறினர். சரக்குக்கு இடம் விட்டது போக, படகின் பின்முனையில் ஏறத்தாழ 10 அடி நீளமுள்ள சிற்றறையே அவர்களின் வீடு. சமைத்தலும் உறங்குதலும் குழந்தை வளர்த்தலும் அதற்குள்ளேயே நிகழ்ந்தன.

கால்வாய் உறைந்த ஆண்டு

கால்வாய் நீர் ஆற்றைப்போல் விரைந்து ஓடுவதில்லை. அதனால் கடுங்குளிரில் அது எளிதில் உறைந்துவிடும். படகு நகராவிட்டால் சரக்கு சேராது. சரக்கு சேராவிட்டால் படகோட்டிக்குக் கூலி கிடையாது. ஆகவே, பனிக்கட்டி படகோட்டியின் உணவையே பறிக்கும் பகையாக இருந்தது.

1962ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் தொடங்கிய குளிர், 1963 மார்ச் தொடக்கம் வரை நீடித்தது. அவ்வாண்டு ஜனவரியே இருபதாம் நூற்றாண்டில் மத்திய இங்கிலாந்து கண்ட மிகக் குளிர்ந்த மாதம். அம்மாதத்தின் சராசரி வெப்பநிலை −2.1 டிகிரி செல்சியசு. படகுகள் நின்ற இடத்திலேயே வாரக்கணக்கில் சிறைப்பட்டன. வாடிக்கையாளர் பலர் சாலைப் போக்குவரத்தை நாடினர். பனி உருகிய பின்னும் திரும்பவில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த தொழிலுக்கு அது இறுதி அடியாயிற்று. அரசின் நீர்வழி வாரியம் 1963ஆம் ஆண்டிலேயே தன் ஒடுங்கிய படகுப் போக்குவரத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டது.

ஆயினும், கால்வாய்கள் மறையவில்லை. எல்.டி.சி. ரோல்ட் தம் படகுப் பயணத்தைப் பற்றி எழுதி 1944இல் வெளியிட்ட ‘நேரோ போட்’ என்னும் நூல் மக்களின் கவனத்தைக் கால்வாய்களின்பால் திருப்பியது. தொடர்ந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. தூர்ந்து கிடந்த பல கால்வாய்கள் தன்னார்வலர்களின் உழைப்பால் மீண்டன. இன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளை, 2012இல் செயற்படத் தொடங்கிய கால்வாய் மற்றும் ஆற்று அறக்கட்டளை பேணுகிறது. இப்போதைய படகுகள் எஃகால் ஆனவை. டீசல் பொறியால் இயங்குபவை. கோடையில் மட்டும் உலா வருவோரின் படகுகளும், ஆண்டு முழுவதும் குடியிருப்போரின் படகுகளும் இவற்றுள் உண்டு.

தெரிந்து தெளிவோம்

பழங்காலத்தில் உறைந்த கால்வாயைத் திறக்கப் பனியுடைப்புப் படகுகள் பயன்பட்டன. அடிப்புறம் உருண்ட அப்படகைப் பல குதிரைகள் இழுக்கும். படகின் நடுவே நீளவாக்கில் அமைந்த கம்பியைப் பற்றிக்கொண்டு, இருபுறமும் நிற்கும் ஆட்கள் படகை மாறிமாறிச் சாய்த்து ஆட்டுவர். அவ்வாட்டத்தால் இருபக்கப் பனித்தகடும் நொறுங்கி வழி உண்டாகும்.

காப்பதும் கெடுப்பதும் ஒன்றே

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். நீரோ 4 டிகிரி செல்சியசு வரை சுருங்கி, அதற்குக் கீழே விரியத் தொடங்கும். 4 டிகிரியில் உள்ள நீரே மிகுந்த அடர்த்தி கொண்டதாதலால், அது அடியில் தங்குகிறது. அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. மேலே படர்ந்த பனித்தகடு போர்வைபோல் கீழுள்ள நீரைக் காக்கிறது. மீன்கள் பிழைத்திருப்பதும், உறைந்த கால்வாயிலும் படகின் அடிப்பகுதி நீரிலேயே நிற்பதும் இவ்வியல்பால்தான்.

கால்வாயைக் காக்கும் அதே இயல்பு படகின் குழாய்களைக் கெடுக்கிறது. 100 லிட்டர் நீர் பனிக்கட்டியானால் ஏறத்தாழ 109 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். திறந்த கால்வாயில் அவ்விரிவுக்கு இடமுண்டு. மூடிய குழாயில் இடமில்லை. எனவே, உறையும் நீர் செப்புக் குழாயையும் பிளந்துவிடும். அப்பிளவு உடனே புலப்படுவதில்லை. பனிக்கட்டியே அதனை அடைத்துக்கொண்டு நிற்கும். பனி உருகும் நாளில், ஆளில்லாத படகில் நீரேற்றி இயங்கும் நிலையில் விடப்பட்டிருந்தால், தொட்டியிலுள்ள சில நூறு லிட்டர் நீரும் படகுக்குள்ளேயே கொட்டிவிடும்.

ஆதலால், குளிர்காலத்தில் பூட்டிவைக்கும் படகில் முதலில் செய்ய வேண்டியது நீரை வடிப்பதாகும். நீரேற்றியை நிறுத்திவிட்டுக் குழாய்த் தொடரின் தாழ்ந்த இடத்திலுள்ள வடிகுழாயைத் திறக்க வேண்டும். வெந்நீர்க் கலனையும் வடித்தல் வேண்டும். குளியலறையின் நீர்த்தூவியைத் தாழ்த்தி வைத்து, அதன் வளைவில் தங்கும் நீரையும் வெளியேற்ற வேண்டும். பின்னர் எல்லாக் குழாய்களையும் திறந்த நிலையிலேயே விடுவர். எஞ்சிய துளிகள் உறைந்தாலும் விரிவதற்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பொறியும் எரிபொருளும்

படகின் பொறியைக் குளிர்விக்கும் முறை இருவகைப்படும். பெரும்பாலான படகுகளில், எஃகு உடலின் உட்புறம் ஒட்டியமைந்த தொட்டிக்கும் பொறிக்கும் இடையே ஒரே நீர்மம் மீண்டும் மீண்டும் சுழலும். அதில் உறைதடுப்பு நீர்மம் உரிய அளவில் கலந்துள்ளதா என்று குளிர் தொடங்குமுன் சோதிக்க வேண்டும். நாளடைவில் அதன் துருத்தடுக்கும் ஆற்றல் குறையுமாதலால், குறித்த காலத்தில் மாற்றுதலும் வேண்டும். சில படகுகள் கால்வாய் நீரையே உள்ளிழுத்து வெளியேற்றுகின்றன. அவற்றில் தங்கிய நீரை முற்றிலும் வடித்துவிட வேண்டும். உறைதடுப்புக்குப் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சாதலால், அது குடிநீர்த் தொடரில் கலத்தல் ஆகாது.

டீசல் தொட்டியைக் குளிர்காலத்தில் நிறைத்து வைப்பது வழக்கம். தொட்டி பாதி வெறுமையாக இருந்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளியாகும். டீசலைவிட அடர்த்தி மிக்க நீர் அடியில் தேங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகிப் பாகுபோன்ற கசடாகும். அது வடிகட்டியை அடைத்து, நடுவழியில் பொறியை நிறுத்திவிடும்.

மின்கலமும் அவ்வாறே நிறைந்திருத்தல் நலம். மின்னேற்றம் மிக்க ஈய மின்கலத்தில் அமிலம் செறிவாக இருப்பதால், இங்கிலாந்தின் குளிரில் அது உறைவதில்லை. மின்னேற்றம் குறையக் குறைய அக்கரைசல் நீரின் தன்மையை நெருங்கும். அப்போது மிதமான உறைபனியிலும் உறைந்து கலத்தைப் பிளக்கக்கூடும். படகினுள் கசியும் நீரைத் தானே வெளியேற்றும் கருவியும் அம்மின்கலத்தையே நம்பியுள்ளது. மின்கலம் கெட்டால் சிறு கசிவும் படகை மூழ்கடிக்கும். ஆதலால், படகைப் பூட்டிச் சென்றவரும் அவ்வப்போது வந்து பார்த்துச் செல்லுதல் இன்றியமையாதது.

வெம்மையும் காற்றும்

குளிர்காலத்தில் படகிலேயே வாழ்வோர்க்கு அடுப்பே உயிர்நாடி. நிலக்கரியோ விறகோ எரியும் இரும்பு அடுப்பு, இரவும் பகலும் கனன்று கொண்டிருக்கும். அதன் புகைபோக்கியைக் குளிர் தொடங்குமுன் துப்புரவு செய்து, கதவின் இணைப்புகளையும் சரிபார்த்தல் வேண்டும். புகைபோக்கி அடைபட்டாலோ காற்று போதாமற்போனாலோ கார்பன் மோனாக்சைடு அறைக்குள் பரவும்.

அவ்வளிக்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்பு வலிமையோடு அது சேர்கிறது. தலைவலியும் சோர்வும் தோன்றும்போது எளிய சளிக் காய்ச்சல் என்று எண்ணி உறங்கியோர் மீண்டும் விழித்தெழாத துயரங்கள் நிகழ்ந்துள்ளன. குளிர்காற்று வருகிறதென்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பதும், சூடான சாம்பலை அறைக்குள் வைப்பதும் உயிருக்கே கேடாகும். குடியிருக்கும் வசதியுள்ள படகுகளில் இவ்வளியை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி இருத்தல் வேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள படகுப் பாதுகாப்பு விதி.

காற்றோட்டத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. மூச்சிலும் சமையலிலும் எழும் நீராவி, குளிர்ந்த சன்னலிலும் எஃகுச் சுவரிலும் படிந்து நீராகும். படுக்கையில் பூஞ்சை பிடிக்கும். வெம்மையைக் காத்துக்கொண்டே காற்றையும் வரவிடுவது படகு வாழ்வின் நாள்தோறும் செய்யவேண்டிய பணியாகும்.

சமையல் எரிவளியிலும் கவனம் வேண்டும். பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழ −0.5 டிகிரி, புரோப்பேனின் கொதிநிலை ஏறத்தாழ −42 டிகிரி. உறைபனி நாளில் உருளையிலுள்ள பியூட்டேன் நீர்ம நிலையிலேயே தங்கிவிடுவதால் அடுப்பு எரியாது. ஆகவே, குளிர்காலத்தில் படகுகள் புரோப்பேனையே நாடுகின்றன.

குளிர்காலப் பயணம்

கோடையின் நெரிசல் ஓய்ந்த கால்வாயில் செல்வதை விரும்பி, குளிர்காலத்தில் பயணம் செய்வோரும் உளர். நிலையான துறையில்லாத படகுகளோ எப்பருவத்திலும் நகர்ந்தாக வேண்டும். அவை ஓரிடத்தில் பொதுவாகத் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேல் தங்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. பனியால் சிறைப்படுதல் போன்ற தக்க காரணமிருப்பின் கூடுதல் காலம் தங்க அச்சட்டமே இடமளிக்கிறது.

குளிர்காலப் பயணத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். டிசம்பரில் பகற்பொழுது ஏறத்தாழ 8 மணி நேரமே. கால்வாயில் படகின் உச்ச வேகம் மணிக்கு 4 மைல். ஒவ்வொரு மதகிலும் நேரம் செலவாகும். எனவே, ஒரு நாளில் கடக்கும் தொலைவு சிறிது. நவம்பர் முதல் மார்ச் வரை பராமரிப்புக்காகப் பல மதகுகள் மூடப்படுகின்றன. நீரை வடித்து, பழைய ஓக்மரக் கதவுகளை அகற்றி, பட்டறையில் செய்த புதிய கதவுகளைப் பொருத்துவர். மூடப்படும் இடங்களின் பட்டியல் முன்னரே வெளியிடப்படுகிறது. அதனை நோக்காது புறப்பட்டவர், இரு மதகுகளுக்கிடையே பல வாரம் தங்க நேரிடும்.

நிலக்கரியையும் டீசலையும் எரிவளி உருளையையும் விற்றுவரும் எரிபொருள் படகுகள் குளிர்காலத்திலும் இயங்குகின்றன. கால்வாய் உறைந்தால் அவையும் வாரா. கரையோரக் குடிநீர்க் குழாய்களும் உறைந்துவிடும். ஆகவே, குளிர் முற்றுமுன் நீரையும் எரிபொருளையும் சேமித்து வைப்பது இன்றியமையாததாகிறது.

உதிர்ந்த இலைகள் உந்துவிசிறியில் சிக்கிப் படகின் வேகத்தைக் குறைக்கும். சிறிது நேரம் பின்னோக்கி இயக்கினால் அவை விலகும். விலகாதபோது பொறியை நிறுத்தி, விசிறிக்கு மேலுள்ள திறப்பின் வழியே அகற்றுவர். அதன் மூடியை மீண்டும் இறுக்காமல் பொறியை இயக்கினால் நீர் உட்புகுந்து படகு மூழ்கும். பனி படிந்த மதகுக்கதவு வழுக்கும். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்குத் தன்னையறியாமல் மூச்சுத் திணறும். நீந்த வல்லவரும் தடுமாறுவர். எனவே, மிதப்புச் சட்டை அணிதல் வேண்டும்.

மெல்லிய பனித்தகட்டை எஃகுப் படகு எளிதில் உடைத்துச் செல்லும். அவ்வாறு செல்லும்போது பனியின் கூரிய விளிம்பு, படகின் நீர்மட்டத்தில் பூசிய கரிய காப்புப் பூச்சை உராய்ந்து நீக்கிவிடும். அதனினும் பெரிய தீங்கு பிறர்க்கு நேர்வது. உடைந்த தகடுகள் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, கரையில் கட்டியுள்ள மரப் படகுகளையும் கண்ணாடியிழைப் படகுகளையும் கிழிக்கக்கூடும். செல்ல வலிமை இருந்தும், அயலார் படகைக் கருதிப் பனி உருகும் வரை காத்திருப்பதே பண்பட்ட படகோட்டியின் இயல்பு.

1963இல் உறைந்த கால்வாய் படகோட்டிகளின் பிழைப்பைப் பறித்தது. இன்று குளிர்காலம் கால்வாய்க் குடியிருப்போரின் உழைப்புக்குரிய பருவமாக உள்ளது. குழாயை வடித்தல், தொட்டியை நிறைத்தல், காற்றுத் துளையைத் திறந்து வைத்தல் ஆகிய ஒவ்வொரு செயலுக்கும் பின்னே அறிவியல் உண்மை ஒன்று உள்ளது. அதனை அறிந்து உரிய காலத்தில் செய்து முடித்த வீட்டில், கால்வாய் உறைந்த இரவிலும் அடுப்பு கனன்றுகொண்டிருக்கும்.

கற்பவை கற்றபின்...

1. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயில் நடைபெற்ற படகுப் போக்குவரத்து குறித்துச் செய்திகளைத் திரட்டி வகுப்பறையில் உரையாற்றுக.

2. நீர் உறையும்போது விரிவதால் விளையும் நன்மை தீமைகளை அட்டவணைப்படுத்துக.

3. மழைக்காலம் தொடங்குமுன் உங்கள் பகுதி மக்கள் மேற்கொள்ளும் முன்னேற்பாடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதுக.