மலேசியா ட்ரிப்பா? இந்த முறை மிரிக்கும் ஒரு டிக்கெட் போடுங்க!

மலேசியான்னாலே நமக்கு ஒரு பட்டியல் தயாரா இருக்கும்: இரட்டைக் கோபுரம், பத்துமலை, லங்காவி. இவை எல்லாமே தீபகற்ப மலேசியா. தென்சீனக் கடலைத் தாண்டினால், போர்னியோ தீவில் இன்னொரு மலேசியா இருக்கிறது. அங்கே, சரவாக் மாநிலத்தில், புருனே எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்கரை நகரம்தான் மிரி.

எண்ணெய் ஊர் ஆனது எப்படி?

நகரத்தை ஒட்டிய 'கனடா ஹில்' குன்றின் மேல் ஒரு பழைய எண்ணெய்க் கிணற்றுக் கோபுரம் நிற்கிறது. ஷெல் நிறுவனம் 1910-ல் தோண்டிய மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு இதுதான். செல்லப்பெயர், 'கிராண்ட் ஓல்ட் லேடி'. அதற்கு முன்பே உள்ளூர் மக்கள் கையால் குழி தோண்டி எண்ணெய் எடுத்து வந்தார்கள். 1972-ல் கிணறு மூடப்பட்டது. எண்ணெய் வேலை கடலுக்குள் நகர்ந்துவிட்டது. இப்போது அங்கே ஒரு பெட்ரோலிய அருங்காட்சியகம் இருக்கிறது. மாலையில் போனால் மொத்த நகரமும் கடலும் கீழே தெரியும்.

ஒரு ஊர், பல மக்கள்

எண்ணெய் வேலை பல இடங்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தது. இபான், சீனர், மலாய், மெலனாவ், கெடாயான், காயான், கென்யா, கெலாபிட் எனப் பல சமூகத்தினர் இங்கே வாழ்கிறார்கள். ('கென்யா' ஆப்பிரிக்க நாடு இல்லைங்க, போர்னியோவின் பழங்குடி!) இதை ஒரே இடத்தில் பார்க்கணும்னா 'தாமு முஹிப்பா' சந்தைக்குப் போங்க. மலைப்பகுதியில் விளையும் பாரியோ அரிசியும், 'மிடின்' என்ற காட்டுப் பெரணிக் கீரையும் அங்கே கிடைக்கும்.

சாப்பாட்டில் கோலோ மீ, சரவாக் லக்சா இரண்டும் பிரபலம். சைவக்காரர்கள் மட்டும் உஷாரா இருக்கணும். கீரைப் பொரியலில்கூட 'பெலாச்சான்' எனும் இறால் விழுது சேர்ப்பார்கள். கேட்டுவிட்டு ஆர்டர் பண்ணுங்க.

மூன்று காடுகள்

லம்பிர் ஹில்ஸ்: மிரியிலிருந்து சுமார் 30 கி.மீ. அருவியில் குளித்துவிட்டு அன்றே திரும்பலாம். இங்குள்ள 52 ஹெக்டேர் ஆய்வுப் பகுதியில் மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட மர வகைகள் கணக்கிடப்பட்டுள்ளன.

நியா: காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போகலாம். இந்தக் குகையில் 1958-ல் கிடைத்த மனித மண்டையோடு ஏறக்குறைய 40,000 ஆண்டுகள் பழமையானது. 2024-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

முலு: சிறிய விமானத்தில் அரை மணி நேரம். மழை இல்லாத மாலைகளில் 'டீர் கேவ்' குகையிலிருந்து லட்சக்கணக்கான வௌவால்கள் கறுப்பு ரிப்பன் போல நெளிந்து நெளிந்து வெளியே பறக்கும். இதற்காகவே போகலாம். 2000 முதல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

இன்னொரு எண்ணெய்

நியாவுக்குப் போகும் வழியில் ஜன்னலுக்கு வெளியே பாருங்க. வரிசை வரிசையாக எண்ணெய்ப் பனை. நம்ம ஊர் கடைகளில் பாமாயிலாக வந்து சேருவது இந்த மரத்தின் எண்ணெய்தான். முன்பு தொடர்ச்சியாக இருந்த காடுகள் இப்போது தோட்டங்களுக்கு நடுவே தீவுகள் போல நிற்கின்றன.

லம்பிரில் மரங்கள் நிற்கின்றன. ஆனால் வேட்டையால் பெரிய இருவாச்சிகளும் கிப்பன்களும் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டன. பழம் தின்று விதையைத் தூரத்தில் போட்டது அவைதான். அவை இல்லாததால் பல விதைகள் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடக்கின்றன. வெளியே பார்த்தால் பச்சை, உள்ளே காடு மெல்ல மாறுகிறது.

பயணி செய்யக்கூடியது எளிது. காட்டு விலங்கு இறைச்சி என்று யார் நீட்டினாலும் வேண்டாம்னு சொல்லுங்க. சரவாக்கில் 1998 முதல் அதன் விற்பனைக்கே தடை. உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்க. காடு நின்றால்தான் அவருக்கு வருமானம்.

கிளம்பும் முன்

* சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து மிரிக்கு இரண்டேகால் மணி நேர விமானம்.
* சரவாக்கிற்குத் தனி குடிநுழைவுச் சோதனை உண்டு. உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டை லக்கேஜில் போட்டுவிடாதீங்க.
* இந்தியர்களுக்கு 2023 டிசம்பரில் 30 நாள் விசா விலக்கு அறிவிக்கப்பட்டது. டிக்கெட் போடும் முன் இப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்க.
* நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை அதிகம். முலுவில் தங்குமிடமும் வழிகாட்டியும் முன்பதிவு அவசியம்.
* குறைந்தது ஐந்து நாள் ஒதுக்குங்க. அதில் இரண்டு இரவு முலுவுக்கு. ஒரு மாலை மழை கெடுத்தாலும், வௌவால்களைப் பார்க்க இன்னொரு மாலை கையில் இருக்கும்.