உறங்குமுன் ஒரு கதை



திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நம் வீடுகள் பலவற்றில் அத்தா வளைகுடா நாட்டில் இருக்கிறார். பிள்ளை அவர் முகத்தைத் தினமும் கைப்பேசியில் பார்க்கிறது. ஆனாலும் ‘அத்தா திரும்பி வருவாரா?’ என்ற பயத்தை அதற்குச் சொல்லத் தெரிவதில்லை. சாப்பிட மறுக்கிறது, இரவில் விழித்து அழுகிறது, தம்பியைக் கிள்ளுகிறது. இப்படிச் சொல்லத் தெரியாத பயத்துக்குக் கதை ஒரு வடிகால்.

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய புரூனோ பெட்டல்ஹைம், மாயக் கதைகள் குழந்தை மனத்துக்கு எப்படி உதவுகின்றன என்று 1976இல் ஒரு நூல் எழுதினார். காட்டில் தொலைந்த பிள்ளை, பொறாமை பிடித்த அக்கா, விழுங்க வரும் அரக்கன் எல்லாமே குழந்தையின் உள்ளே இருக்கும் பயங்கள்தான் என்றார். கதை அவற்றுக்கு உருவம் தருகிறது. முடிவில் சின்னவன் தப்பி வீடு சேரும்போது, ‘எனக்கும் வழி உண்டு’ என்று பிள்ளை தேறுகிறது. கேட்ட கதையையே திரும்பக் கேட்பதும் அந்தத் தைரியத்துக்காக இருக்கலாம்.

இது நம் முன்னோர் அறியாததல்ல. ஜின் தூக்கிச் சென்றதால் பல ஆண்டுகள் அலைந்து, கடைசியில் வீடு திரும்பியவரைப் பற்றிய தமீமன்சாரி கிஸ்ஸாவைத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் படித்துக் கேட்டார்கள். பிரிவும் திரும்புதலும்தான் அதன் உயிர்.

‘மாயக் கதை பொய்யல்லவா?’ என்று சிலர் தயங்குகிறார்கள். நியாயமான கேள்விதான். நபிமார் வரலாறு வேறு, கற்பனைக் கதை வேறு. “இது நிஜமா?” என்று பிள்ளை கேட்டால், “இது கதை” என்று உண்மையைச் சொல்லுங்கள். கதையின் பயன் அதனால் குறையாது. யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லும்போது, “இது உண்மையில் நடந்தது” என்று சொல்லுங்கள். அண்ணன்மாரின் பொறாமை, கிணற்றின் இருட்டு, தந்தையின் கண்ணீர், மீண்டும் சேர்தல் எல்லாம் அதில் உண்டு.

இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் போதும். கைப்பேசியை ஒதுக்கிவிட்டு அம்மாவோ நன்னியோ வாயால் சொல்லட்டும். அத்தா தொலைபேசியில் சொன்னாலும் நல்லதே. “சோறு சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடிப்பான்” என்று மிரட்டுவது கதையாகாது. அதில் பயம் மட்டும் இருக்கிறது, மீட்சி இல்லை. கதை முடிந்ததும் நீதியை விளக்க அவசரப்படாமல் சற்று மௌனமாக இருங்கள். பிள்ளை கேட்கும் முதல் கேள்வியில் அதன் கவலை வெளிவரலாம். பல நாள் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் கதையோடு நிறுத்தாமல் மருத்துவரையும் பாருங்கள்.