மரையாணியின் தலையெழுத்து

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பைல் நாடு போன்ற மலைப்பகுதிக்கு எஃகுக் கோபுரம் ஒன்றை முழுதாகக் கொண்டுசெல்ல இயலாது. உறுப்புகளைத் தனித்தனியே ஏற்றிச் சென்று, ‘போல்ட்’ எனப்படும் மரையாணிகளால் பிணைத்தே அதனை எழுப்ப வேண்டும். எனவே, கோபுரத்தின் உறுதி மரையாணியின் உறுதியையும் சார்ந்தது.

இன்று பொறியாளர்கள் கட்டமைப்புகளைக் கணினியில் வடிவமைக்கின்றனர். மென்பொருளின் பட்டியலில் ‘எஃகு’ என்பதைத் தேர்ந்தால் யங் குணகம், அடர்த்தி, பாய்சான் விகிதம் ஆகியன கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 800:2007 இவற்றை முறையே 2,00,000 நியூட்டன்/ச.மி.மீ., 7850 கி.கி./கன மீட்டர், 0.3 எனத் தருகிறது. இம்மதிப்புகள் எல்லாக் கட்டமைப்பு எஃகுக்கும் பொதுவானவை. வேறுபடுவது வலிமையே. அதனை எங்கே காண்பது?

மரையாணியின் தலையிலேயே காணலாம். அங்கே 4.6, 8.8, 10.9 போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 8.8 என்பதில் முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால் முறிவுத் தகைவு 800 நியூட்டன்/ச.மி.மீ. ஆகும். இரண்டாம் எண், அதில் பத்தில் எட்டுப் பங்கான 640இல் மரையாணி மீளாதவாறு நீளத் தொடங்கும் என்பதை உணர்த்தும். மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘ஓஸ்டாக்’ என்னும் கட்டற்ற மென்பொருளிலும் மரையாணிக்கு இத்தரவகுப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

20 மி.மீ. விட்டமுள்ள மரையாணியில் மரைப்பகுதியின் பரப்பு 245 ச.மி.மீ. ஆகும். அது 8.8 வகுப்பாயின் முறிவதற்குமுன் ஏறத்தாழ 196 கிலோ நியூட்டன் இழுவிசையைத் தாங்கும், 4.6 ஆயின் 98 மட்டுமே. கணினியில் முன்னதை உள்ளிட்டுக் களத்தில் பின்னதை முடுக்கினால் இணைப்பின் வலிமை பாதியாகும். திரையோ ‘பாதுகாப்பானது’ என்றே காட்டும்.

வலிமை மிகுந்தால் மட்டும் போதுமா? சான் பிரான்சிஸ்கோ – ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தில் 2013 மார்ச்சில், முடுக்கப்பட்ட 96 உயர்வலிமை நங்கூரத் தண்டுகளுள் 32 முறிந்தன. எஃகினுள் புகுந்த ஹைட்ரஜன் அதனை நொறுங்கச் செய்ததே காரணம். வலிமை எண் மட்டும் இக்குறையைக் காட்டாது. பூச்சு, சூழல், சோதனைச் சான்று ஆகியவற்றையும் ஆராய வேண்டும்.

மென்பொருள் கணக்கிடும், உள்ளிட்ட எண் உண்மையா என்று கேளாது. அதனைக் கேட்பது பொறியாளரின் கடமை.