பள்ளிக்கரணையில் பன்னாட்டு விருந்து!

ஐப்பசி மழை பெய்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும், வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். சிலர் சைபீரியாவில் இருந்து வருகிறார்கள். சிலர் நடு ஆசியாவில் இருந்து வருகிறார்கள். இமயமலையைத் தாண்டி வருகிறவர்களும் உண்டு. எல்லோரும் வருவது ஒரே காரியத்துக்காகத்தான். சாப்பிடுவதற்காக!

யார் இந்த விருந்தாளிகள்? பறவைகள்!

பல்லாவரத்தில் இருந்து துரைப்பாக்கம் போகும் பெரிய சாலை, இந்தச் சதுப்பு நிலத்தின் ஊடே செல்கிறது. பஸ் ஜன்னல் வழியாகவே பறவைக் கூட்டத்தைப் பார்க்கலாம். ஆனால் வேலைக்குப் போகும் அவசரத்தில் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால், உலகம் சுற்றிய பயணிகள் பந்தியில் உட்கார்ந்து இருப்பது தெரியும்.

பசி படுத்தும் பாடு

ஒரு கவளம் உணவுக்காக இத்தனை தூரம் ஏன் பறக்க வேண்டும்?

குளிர்காலம் வந்ததும் வட நாடுகளில் ஏரிகள் உறைந்து போகும். சேறு கல்லைப் போல் இறுகிவிடும். பூச்சி இராது, புழு இராது. இறகுப் போர்வை இருப்பதால் பறவை குளிரை ஓரளவு தாங்கிக்கொள்ளும். பசியைத் தாங்க முடியாது. ஆகவே, தண்ணீர் உறையாத தெற்கு நாடுகளைத் தேடிப் புறப்படுகிறது.

கோடை பிறந்தால் அங்கே நிலைமை மாறிவிடும். பகல் நீளும். பூச்சிகள் பெருகும். குஞ்சு பொரித்து வளர்க்க அதுவே நல்ல காலம். அதனால் பறவைகள் திரும்பவும் வடக்கே போகின்றன.

உடம்பிலே கட்டுச்சோறு

நாம் ரயிலில் போகும்போது புளியோதரை கட்டிக்கொண்டு போகிறோம். பறவைக்குக் கையும் இல்லை, பையும் இல்லை. அது கட்டுச்சோற்றை உடம்பிலேயே கட்டிக்கொள்கிறது!

புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் அது ஓயாமல் தின்னும். தின்றது கொழுப்பாகத் தோலின் அடியில் சேரும். வழியில் அந்தக் கொழுப்புதான் எரிந்து சக்தி தருகிறது. நெடுந்தூரம் போகும் சில பறவைகளின் எடை, புறப்படும்போது ஏறக்குறைய இரு மடங்காகிவிடும்.

பட்டைவால் மூக்கன் என்று ஒரு பறவை. அது பறப்பதற்கு முன் தன் குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்கிறது. வழியில் சாப்பாடு இல்லாதபோது அந்தச் சுமை எதற்கு? 2022 அக்டோபரில், பிறந்து சில மாதங்களே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், அமெரிக்காவின் அலாஸ்காவில் இருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் பறந்தது. தூரம் சுமார் 13,560 கிலோமீட்டர். பறந்தது 11 நாட்கள். அதன் முதுகில் பொருத்தி இருந்த சிறு கருவி இதைக் காட்டிக் கொடுத்தது.

இப்படி வந்து சேரும் பறவை எப்படி இருக்கும்? சேர்த்து வைத்த கொழுப்பு தீர்ந்து, மெலிந்து இருக்கும். இறங்கிய இடத்தில் சாப்பாடு தயாராக இருந்தால்தான் அது பிழைக்கும்.

ஒரே பந்தி, பல கறி

பள்ளிக்கரணையில் சாப்பாடு பலவிதம். மூக்குக்கு ஏற்ற உணவு!

தட்டைவாயன் வாத்தின் அலகு தோசைத் திருப்பியைப் போல் அகலமானது. அதன் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற அமைப்பு உண்டு. தண்ணீரை வாயில் வாங்கி ஓரமாக வெளியே தள்ளும். நுண்ணிய உயிர்களும் விதைகளும் சல்லடையில் தங்குவதுபோல் தங்கிவிடும்.

ஊசிவால் வாத்து தலைகீழாக நிற்கும். வால் வானத்தைப் பார்க்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும். அடிச் சேற்றில் கிடக்கும் விதைகளையும் கிழங்குகளையும் அது தேடி எடுக்கிறது.

கருவால் மூக்கனின் அலகு நீளமான ஊசி. சேற்றில் ஆழக் குத்தும். அலகின் நுனிக்கு உணர்ச்சி அதிகம். கண்ணால் காணாமலே புழுவைக் கண்டுபிடித்துவிடும்.

பூநாரை சாப்பிடும் விதமே வேடிக்கை. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் தண்ணீரை இறைத்து வடிகட்டும். குஞ்சாக இருக்கும்போது அதன் நிறம் சாம்பல். அழகிய இளஞ்சிவப்பு பிறகுதான் வருகிறது. அந்தச் சாயம் எங்கே கிடைக்கிறது? அது தின்னும் சிற்றுயிர்களிலும் பாசியிலும் இருக்கிறது. சாப்பாடு சரியில்லாவிட்டால் பூநாரையின் நிறமும் வெளுத்துப்போகும்.

உள்ளூர்க்காரரும் பந்தியில் உண்டு. நத்தை குத்தி நாரையின் அலகு நடுவில் மூடாது, இடைவெளி தெரியும். கூரிய நுனியை நத்தை ஓட்டுக்குள் செலுத்திச் சதையை வெளியே இழுத்துவிடும்.

ஒன்று மேல் தண்ணீரில் தின்கிறது. மற்றொன்று அடிச் சேற்றில் தின்கிறது. இன்னொன்று கரையோரம் கொத்துகிறது. அதனால் இத்தனை பேர் ஒரே இடத்தில் பசியாற முடிகிறது.

இலையை எடுத்துவிட்டால்?

ஓரிடத்தில் வயிறார உண்ட பறவை அந்த இடத்தை மறப்பதில்லை. காலில் வளையம் பூட்டி ஆராய்ந்தவர்கள், அதே பறவை அதே நீர்நிலைக்கு மறு ஆண்டும் வருவதைக் கண்டிருக்கிறார்கள். அப்படி நம்பி வரும்போது இலையே இல்லாவிட்டால்?

தென் கொரியாவில் சேமாங்கும் என்னும் இடத்தில் பெரிய சேற்றுவெளி இருந்தது. சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் 'கிரேட் நாட்' என்ற பறவைகள் அங்கே தங்கிச் சாப்பிட்டன. 2006-ல் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் கட்டி அந்த வெளியை அடைத்தார்கள். பறவைகள் பக்கத்து ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் நினைத்தார்கள். ஆனால், வந்துகொண்டு இருந்த பறவைகளில் பெரும் பகுதியைப் பக்கத்துக் கழிமுகங்களில் காணவில்லை. 2015-ல் அந்தப் பறவை, அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பள்ளிக்கரணையின் இலையும் சுருங்கித்தான் இருக்கிறது. 1960-களில் இந்தச் சதுப்பு நிலம் 5,000 ஹெக்டேருக்கும் அதிகமாகப் பரந்து கிடந்தது. ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 2½ ஏக்கர். சாலை வந்தது, வீடுகள் வந்தன, அலுவலகங்கள் வந்தன. பெருங்குடிக் குப்பை மேடும் வந்தது. பெரும் பகுதி போய்விட்டது.

எஞ்சியதைக் காக்கும் முயற்சியும் நடந்தது. 2007-ல் 317 ஹெக்டேர், பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சர்' நீர்நிலையாக ஏற்கப்பட்டது. ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971-ல் செய்த ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் பெருமை இது.

பறவைக்கு மட்டுமா?

தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இந்தப் பள்ளத்துக்குத்தான் வருகிறது. பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குச் சென்று கடலில் கலக்கிறது. பள்ளத்தை மேடாக்கினால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள் வரும். 2015-லும் 2023-லும் டிசம்பர் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை மக்கள் பட்ட பாடு ஊர் அறிந்தது. பறவையின் சோற்று இலையும் மனிதனின் வீட்டு வாசலும் ஒரே நிலத்தை நம்பி இருக்கின்றன.

மார்கழி, தை மாதங்களில் காலை வேளையில் குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். பொரியும் பிஸ்கட்டும் வீச வேண்டாம். பிளாஸ்டிக் பையைப் போட்டுவிட்டு வரவும் வேண்டாம். அவற்றுக்கு வேண்டிய விருந்தைச் சேறும் தண்ணீரும் தாமே சமைத்து வைத்திருக்கின்றன. அடுப்பை அணைக்காமல் இருந்தால் போதும்!