உண்மையைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்

மூளைக்காய்ச்சல் கண்டு தேறிய பிள்ளை, வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிற பிள்ளை, வியாதி ஏதுமின்றியே மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளை ஆகியோரைப் பார்க்கும் வைத்தியர், நரம்பியல் உளவியல் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று சொன்ன மாத்திரத்தில் பெற்றோர் மனத்தில் எழும் பயம், வாய்விட்டுச் சொல்லப்படாமலே குழந்தையையும் தொற்றிக்கொள்கிறது. பரிசோதனைக்குக் குழந்தையை ஆயத்தம் செய்வது என்பது, முதன்மையாக, இந்தப் பயத்தைப் போக்குவதுதான்.

இந்தப் பரிசோதனையில் ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. மேஜையின் எதிர்ப்புறம் அமர்ந்த உளவியலாளர், வண்ணக் கட்டைகளை அடுக்கிப் படத்திலுள்ள வடிவத்தை அமைக்கச் சொல்வார். சில எண்களைக் கூறி அவற்றை முதலில் அப்படியேயும் பின்பு தலைகீழாகவும் திருப்பிச் சொல்லக் கேட்பார். சிக்கலான சித்திரமொன்றைப் பார்த்து வரையச் செய்து, சிறிது நேரம் கழித்து ஞாபகத்திலிருந்து மறுபடி வரையச் சொல்வார். ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டுகிறதென்றால், இந்தப் பரிசோதனை ஞாபகம், கவனம், பாஷை, திட்டமிடுதல் முதலிய சக்திகள் நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் காட்டுகிறது. இது சில மணி நேரம் நீடிக்கும். குழந்தை களைத்துவிட்டால் இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்து நடத்துவதும் உண்டு.

1905-இல் பிரான்ஸ் தேசத்தில் ஆல்ஃபிரெட் பினேவும் தியோடோர் சிமோனும் இவ்வகைப் பரிசோதனைகளுக்கு முன்னோடியான, அறிவுத்திறனை அளக்கும் முதல் அளவுகோலை வகுத்தபோது அவர்கள் தேடியது, வகுப்பில் பின்தங்கி, விசேஷக் கவனிப்பு தேவைப்பட்ட குழந்தைகளையே. உதவியின் பொருட்டுப் பிறந்த அந்த முறை, காமத் என்பவரின் முயற்சியால் இந்தியக் குழந்தைகளுக்கேற்பத் திருத்தப்பெற்று, இன்றும் நம் நாட்டில் வழங்குகிறது.

பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. இத்தகைய பரிசோதனைகள் பலவற்றில் வினாக்கள் எளியதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகி, குழந்தை தொடர்ந்து சிலவற்றுக்கு விடை சொல்ல இயலாத இடத்தில்தான் நிறுத்தப்படுகின்றன. ஆகையால் எத்தனை கெட்டிக்காரக் குழந்தையும் முடிவில் தெரியாத வினாவைச் சந்தித்தே தீரும். இதை முன்னமே அறியாத குழந்தை, தன்னை மக்கு என்று எண்ணி மனமொடிந்து, தெரிந்ததையும் சொல்லாமல் விட்டுவிடக்கூடும்.

எனவே, சிறு குழந்தையானால் முந்தின நாளும், பெரிய பிள்ளையானால் சில நாட்கள் முன்பும் இப்படிச் சொல்லலாம்: ‘உனக்கு எது சுலபமாக வருகிறது, எது கஷ்டமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நமக்குத் தெரியும். சில கேள்வி சுலபமாக இருக்கும், சிலது கஷ்டமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் யாராலும் பதில் சொல்ல முடியாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். தண்ணீர் வேண்டுமானாலும் கேட்கலாம்.’ விளையாடப் போகிறோம் என்று பொய் சொல்வதும், பரீட்சை, மார்க் என்று மிரட்டுவதும், நன்றாகச் செய்தால் சைக்கிள் வாங்கித் தருவதாக ஆசை காட்டுவதும் வேண்டாம். வினாக்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுப்பது அவற்றினும் பெரிய தீங்கு. கற்றுக்கொடுத்த விடை குழந்தையின் உண்மையான சிரமத்தை மறைத்து, கிடைக்க வேண்டிய உதவியையும் தடுத்துவிடும்.

முந்தின நாள் இரவு நல்ல தூக்கமும், காலையில் வழக்கமான பலகாரமும் வேண்டும். கண்ணாடி, காதுக் கருவி ஆகியவற்றை மறக்கலாகாது. அன்றைய மாத்திரையைக் கொடுப்பதா என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலோ வலிப்போ வந்திருந்தால் தெரிவித்து வேறு நாள் கேட்பதே நலம். பள்ளி நோட்டுகள், மதிப்பெண் அட்டை, பழைய அறிக்கைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பேசும் பாஷை எது, பள்ளியில் படிக்கும் பாஷை எது என்பதையும் தவறாமல் சொல்லுங்கள்.

பரிசோதனை அறிக்கையில் வரும் எண் தலைவிதி அன்று. அறிவுத்திறன் அளவுகோல்கள் பலவற்றில் 100 என்பது சராசரி. 85-க்கும் 115-க்கும் இடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் அடங்குவர். அந்த எண்ணைவிட, குழந்தை எவற்றில் வலுவுள்ளது, எவற்றில் அதற்குத் துணை வேண்டும் என்ற விவரமே பிரயோஜனமுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அங்கீகரித்திருப்பதால், முறையான பரிசோதனை அரசுச் சலுகைகளுக்கும் வழி திறக்கக்கூடும்.

அறையை விட்டு வெளியே வரும் குழந்தையிடம் எத்தனை சரி என்று கேளாதீர்கள். எது பிடித்திருந்தது, எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாமென நீங்கள் முன்பு கொடுத்த வாக்கு மெய்தான் என்பதைக் குழந்தை அந்தக் கேள்வியில்தான் அறிந்துகொள்ளும்.